நடக்காத கொலைக்கு நான்கு பக்கம், நடந்த மோசடிக்கு ஒரு வரி

கடிதம் சொல்வது

ஈரோடு மாவட்டம், கொடுமுடிப் பக்கம். தோட்டத்து வீட்டில் 74 வயது அப்பாவும் 68 வயது அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். கடிதம் எழுதிய மகள் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அண்ணன் துபாயில். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தந்தை, தாய், மகன் என மூவர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 ஏப்ரல் இறுதியில், சிவகிரி அருகே அதே மாதிரி ஒரு வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நிம்மதியான தூக்கமில்லை.

"முன்பெல்லாம் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினோம். இப்போது கொலையும் கொள்ளையும் பத்து மடங்காகிவிட்டன. அரசு சொல்லும் கணக்கெல்லாம் பொய்தானே?" என்று கேட்கிறார். தோட்டத்தை விற்றுவிட்டுப் பெற்றோரைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ள நினைக்கிறார். அப்பா மாட்டை விட்டு வர மறுக்கிறார். துப்பாக்கி உரிமம் வாங்கலாம், அதுவரை வேலியில் கரண்ட் கொடுத்து வைக்கலாம் என்பது அண்ணனின் யோசனை. மூன்று வருடமாகத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்தை அனுப்பிவிடலாமா, இல்லையென்றால் அவர்களுடைய அசல் ஆதாரையாவது வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். நிலத்தை விற்க வசதியாக அப்பாவிடமிருந்து அண்ணன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதும் பேச்சும் நடக்கிறது.

இத்தனைக்கும் நடுவே ஒரு வரி: "போன வருடம் மின்வாரியத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி அப்பாவிடம் 86,000 ரூபாய் ஏமாற்றிவிட்டார்கள், அது போகட்டும்."

அன்புள்ள சகோதரி,

அதைப் போக விட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் நடந்த குற்றம் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்னும் நடக்காத, நடக்கக் கூடாத ஒன்றைப் பற்றியது. குறையாகச் சொல்லவில்லை, பக்கத்து ஊரில் ரத்தம் சிந்தினால் யாருக்கும் மனம் அங்கேதான் போய் நிற்கும். ஆனால் நிலம் விற்பதும், துப்பாக்கி வாங்குவதும், மூன்று வருடம் உழைத்த குடும்பத்தை வெளியேற்றுவதும் பிறகு திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுகள் அல்ல. எனவே முதலில் கணக்கைப் பார்ப்போம். சட்டம் பிறகு.

பத்து மடங்கு ஆகிவிட்டதா?

ஆகவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு. நீங்கள் கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய காலம் என்று நான் ஊகிக்கும் 1992இல், இன்றைய மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத இந்தியாவில், இந்த எண்ணிக்கை 40,000ஐ ஒட்டி இருந்தது. தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 2020இல் 1,661, 2021இல் 1,686, 2022இல் 1,690. 2024ஆம் ஆண்டுக்கு மாநிலக் காவல்துறை வெளியிட்ட எண் 1,563. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது.

கொலைக்கான காரணங்களைக் காட்டும் அட்டவணையும் அதே அறிக்கையில் இருக்கிறது. யாரும் அதைப் புரட்டுவதில்லை. 2022இல் தகராறு காரணமாக 9,962 கொலைகள், தனிப்பட்ட பகை காரணமாக 3,761. பணம், நகை போன்ற ஆதாயத்துக்காக 1,884. அதாவது பதினைந்து கொலைகளில் ஒன்றுதான் நீங்கள் பயப்படும் வகை. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பாகப் பிரிவினை, குடித்துவிட்டு வந்த சண்டை, குடும்பச் சண்டை என்று மீதியில் பெரும்பகுதி தெரிந்தவர்களுக்குள் நடப்பது. வக்கீலாக நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. முகமூடி போட்டுச் சுவர் ஏறி வருபவனைவிட, முகம் தெரிந்த பங்காளியின் பெயர்தான் குற்றப்பத்திரிகையில் அதிகம்.

அப்படியானால் ஏன் பத்து மடங்கு என்று தோன்றுகிறது? முன்பு சிவகிரியில் ஒரு கொலை நடந்தால் தினத்தாளில் ஒரு நாள் வரும், அடுத்த வாரம் சந்தையில் பேசுவார்கள், முடிந்தது. இன்று அதே கொலை தொலைக்காட்சியில் விவாதமாக, யூடியூபில் "திடுக்கிடும் தகவலாக", உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பும் வீடியோவாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அதோடு, எந்த மாநிலத்தில் எந்த வருடம் எடுத்தது என்றே தெரியாத சிசிடிவி காட்சி ஒன்றும் "நம்ம பக்கம்தான், உஷார்" என்ற வாசகத்துடன் வந்து சேர்கிறது. கொலை ஒன்று, உங்கள் மனம் எண்ணியது ஐம்பது. நடக்காமல் போன கொலை எந்தக் காலத்திலும் செய்தியாகாது என்பதால், அந்தத் தட்டில் வைக்க எடையே இல்லை.

கணக்கெல்லாம் பொய்தானே?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது நடந்த குற்றங்களை அல்ல, காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை. இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் உண்டு. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இந்தியாவில் பதிவான மொத்தக் குற்றங்கள் 28 சதவீதம் உயர்ந்தன. 51 லட்சத்துச் சொச்சம் 66 லட்சமானது. நாடே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்டில் எப்படி? ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகள் ஒரே ஆண்டில் 6 லட்சத்தைத் தாண்டின. முகக்கவசமில்லாமல் கடைக்குப் போனவரும் அந்த மொத்தத்தில் ஒரு குற்றம்தான். அந்த எண்ணை மட்டும் பார்த்து நாடு கெட்டுப்போய்விட்டது என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

கடத்தல் வழக்குகளும் அப்படித்தான். காணாமல்போன குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த எண்ணிக்கை உயர்ந்தது. வீட்டுக்குத் தெரியாமல் காதலித்தவனோடு போய்விட்ட பதினேழு வயதுப் பெண்ணின் வழக்கும் அதற்குள் வரும். இன்னொரு பக்கம், ஒரே சம்பவத்தில் கொலையும் கொள்ளையும் நடந்திருந்தால் அட்டவணையில் கொலை மட்டும்தான் ஏறும்; பெரிய குற்றத்தை மட்டும் எண்ணுவது அவர்களுடைய விதி. கேரளத்தில் வழக்குகள் அதிகம் என்றால் அங்கே அக்கிரமம் அதிகம் என்று பொருளில்லை; புகாரை மறுக்காமல் வாங்குகிறார்கள் என்றும் இருக்கலாம். எனவே மொத்தக் குற்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யார் பேசினாலும், அவர் ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கொலைக் கணக்கு மட்டும் விதிவிலக்கு. பிணத்தை மறைப்பது கடினம். கேட்கச் சொந்தபந்தம் இருக்கும். பிரேதப் பரிசோதனை இருக்கும். அதனால்தான் குற்றம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் ஆய்வாளர்கள் கொலை எண்ணிக்கையை நம்புகிறார்கள். திருட்டு, மோசடி, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை ஆகியவற்றின் எண்கள் அப்படியல்ல. மத்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் அதன் நிழல்கூட விழாது.

உங்கள் அப்பாவின் 86,000 ரூபாயும் அந்தப் பதிவேட்டில் இல்லை. வெளியே சொன்னால் கேவலம் என்று புகார் கொடுக்காமல் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் பொய் இருக்கிறதென்றால், மன்னிக்க வேண்டும், அதில் உங்கள் வீட்டுப் பங்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

ஆனாலும் உங்கள் பயம் வெறும் பயமில்லை

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு "வக்கீல் சொல்லிவிட்டார், ஒன்றும் ஆகாது" என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். மாநிலச் சராசரி என்பது அம்பத்தூர் அடுக்ககத்தையும் கொடுமுடித் தோட்டத்துச் சாளையையும் சேர்த்துக் கலந்தது. மூத்த குடிமக்கள் கொலை பற்றிய தேசிய அட்டவணையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக மேல் வரிசையில் இருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடில்லை, பிள்ளைகள் வெளியூரில், அம்மாவின் கழுத்திலும் கையிலும் பவுன், இரவில் ஒரே விளக்கு. கொங்குப் பகுதியில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கான ஆபத்து சராசரியைவிடக் கூடுதல்தான். அதைக் குறைக்க வழியும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். கொலையானவர்களைப்போல் பத்து மடங்கு. உங்கள் அப்பா விடிகாலை ஐந்து மணிக்கு, ஹெல்மெட் இல்லாமல், டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் பால் கேனை முன்னால் வைத்துக்கொண்டு கரூர் ரோட்டைக் கடந்து சொசைட்டிக்குப் போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய சுறுசுறுப்புக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் பயம் தந்த வரி அதுதான்.

ஒடிசாக் குடும்பம்

சிவகிரி வழக்கில் 2025 மே மாதம் கைதானவர்கள் எந்த ஊர் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டார்களா? அதே ஈரோடு மாவட்டத்து அறச்சலூர்ப் பக்கத்தவர்கள் என்றுதான் காவல்துறை அறிவித்தது. பல்லடம் சம்பவத்திலும் அவர்களுக்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் வடக்கிலிருந்து வந்தவர்கள்தான் செய்திருப்பார்கள் என்று முதல் இரண்டு வாரம் பரவிய பேச்சை யாரும் திரும்பப் பெற்றதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வகைச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். வந்தவர்கள் தமிழர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள். அந்த ஆண்டு பல மாநிலங்களில் இப்படி உயிர்கள் போன பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது: தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் நடுங்கினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்துத்தான் அது பொய் என்று ஊருக்குத் தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கு ஒடிசாக்காரர் மீது என்ன பயமோ, அதே பயம் பாட்னாவில் ஒரு தாய்க்கு உங்கள் அம்மா மீது இருந்திருக்கிறது.

சட்டத்துக்கு வருகிறேன். தொழிலாளியின் அசல் ஆதாரையோ வேறு ஆவணத்தையோ பிடித்து வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. அதோடு முன்பணமும் கொடுத்து வைத்திருந்தால், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே பதில் சொல்ல வேண்டிய நிலைமை வரலாம். நகலும் ஒரு புகைப்படமும் கைப்பேசி எண்ணும் போதும். விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து வையுங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். அனுப்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரக்கூடிய ஒரே குடும்பத்தை, பாதுகாப்புக்காக என்று சொல்லி வெளியேற்றுவது எனக்குப் புரியவில்லை.

துப்பாக்கியும் கரண்ட் வேலியும்

வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். அது மின்சாரச் சட்டப்படி குற்றம். யாராவது இறந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு உங்கள் அப்பாவை 74 வயதில் சிறைக்கு அனுப்பும். அந்தக் கம்பிக்குத் திருடன் யார், மாடு தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன் யார் என்று தெரியாது.

துப்பாக்கி உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க உங்கள் அப்பாவுக்கு உரிமை உண்டு. கிடைத்தே தீரும் என்ற உரிமை இல்லை. காவல்துறை அறிக்கை, உண்மையான அச்சுறுத்தல் உண்டா என்ற விசாரணை, பயிற்சி, பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் ஏற்பாடு எல்லாம் பார்ப்பார்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கிடைத்தாலும், நள்ளிரவில் கண்புரை அறுவை செய்த கண்ணோடு பீரோவைத் திறந்து எடுத்து, குண்டு போட்டு, குறி பார்க்க உங்கள் அப்பாவால் முடியுமா? அந்தத் துப்பாக்கியே திருடு போகும் பொருள் என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். நான் வேண்டாம் என்பேன்.

தற்காப்பு உரிமை துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் 41ஆவது பிரிவு பாதுகாக்கக்கூடும். தேவைக்கு மீறித் தாக்கினால், ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால், அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நிலம், பெற்றோர், அதிகாரப் பத்திரம்

"அப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்து வர சட்டத்தில் இடமுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் மீது கடமையைச் சுமத்துகிறது. பெற்றோரை இடம் மாற்றும் அதிகாரத்தைத் தரவில்லை. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் எங்கே வாழ வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஐம்பது வருடம் மண்ணோடும் மாட்டோடும் இருந்தவரை நான்காவது மாடியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்தால் திருடன் பயம் போய்விடும்; வேறென்ன போகும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அம்மாவின் விருப்பம் என்ன என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அவரைத் தனியாகக் கேளுங்கள். பல வீடுகளில் அம்மா வேறு பதில் வைத்திருப்பார்.

பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம். அண்ணன் மீது சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அவசரத்தில் எழுதும் பொது அதிகாரம்தான் பின்னால் உடன்பிறந்தவர்களை என் அலுவலகத்துக்கு எதிரெதிராக அழைத்து வருகிறது. அப்பா பேச்சும் கையெழுத்துமாக இருக்கும்போது அவரே விற்கட்டும், அல்லது குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் தனி அதிகாரம் கொடுக்கட்டும். நிலம் அப்பா சுயமாக வாங்கியதா, பூர்வீகமா என்று பத்திரத்தைப் பாருங்கள். பூர்வீகம் என்றால் மகளான உங்களுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பயந்து விற்பவர் என்று தெரிந்தால் தரகர் சொல்லும் விலையே வேறாக இருக்கும். ஒருவேளை அப்பா உங்களில் ஒருவருக்குத் தானமாக எழுதிக் கொடுக்க நினைத்தால், "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மீறினால் அதே பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அந்த 86,000 ரூபாய்

இப்போது நடந்த குற்றத்துக்கு வருவோம். 2024இல் மட்டும் இணையவழி மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,800 கோடி ரூபாய்க்கு மேல் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்கு. கடிதத்தில் நீங்கள் எழுதிய "பத்து மடங்கு" என்ற சொல்லுக்கு அருகில் வரக்கூடிய குற்றம் இது ஒன்றுதான். இதற்குச் சுவர் ஏற வேண்டாம், நாய்க்குப் பயப்பட வேண்டாம். "மின் கட்டணம் பாக்கி, இன்று இரவு ஒன்பதரைக்கு இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற ஒரு குறுஞ்செய்தி போதும். ஒருமுறை ஏமாந்தவரின் எண் கைமாறும், மறுபடி அழைப்பார்கள். அடுத்தது காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பாக இருக்கலாம். "டிஜிட்டல் கைது" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதை அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

"ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி புகார் செல்லாது" என்பது தவறான எண்ணம். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்த அளவு தண்டனையுள்ள குற்றத்துக்குக் காலக்கெடு இல்லை. வங்கி அறிக்கை, வந்த குறுஞ்செய்தி, அழைப்பு எண் ஆகியவற்றோடு தேசிய சைபர் குற்றப் பதிவுத் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. உடனே, முதல் சில மணி நேரத்திலேயே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்திருந்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கியிருக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறில்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு அவருடையதல்ல. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவர்தான் ஏற்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்ற 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லுங்கள். எழுத்து மூலம் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அதற்கும் பதிலில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியவை

நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். மாற்றியதை ஊருக்குத் தெரியும்படி பேசுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அம்மாவின் தாலிக்கொடியை என்ன செய்வது என்று சொல்ல நான் யார்? அதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டைச் சுற்றி விளக்கு, முன் பின் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள், உங்கள் கைப்பேசியில் பார்க்கக்கூடிய கேமரா இரண்டு. நிலம் கைமாறும்போது ஆகும் முத்திரைத்தாள் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

தனியாக வாழும் மூத்த குடிமக்களின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், அவர்களை அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பது பராமரிப்புச் சட்டத்தின் கீழான விதிகளிலேயே இருக்கிறது. பெற்றோர் பெயரை எழுதிக் கொடுத்துக் கையொப்பமிட்ட நகல் வாங்குங்கள். "காவல் உதவி" செயலியை அப்பாவின் கைப்பேசியில் போட்டு, 112ஐயும் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ஐயும் எப்படி அழைப்பது என்று நேரில் உட்கார்ந்து பழக்குங்கள். வங்கியில் பேசி அவருடைய கணக்கின் தினசரி இணையப் பரிமாற்ற வரம்பை ஐயாயிரத்துக்குக் குறையுங்கள். பால் பணத்துக்கும் மருந்துக்கும் அது போதும்.

இரண்டு ஹெல்மெட் வாங்குங்கள். வண்டிக்குப் பின்னால் ஒட்ட ஒளிரும் பட்டையும் சேர்த்து.

அண்ணன் அடுத்து ஊருக்கு வரும்போது பத்திர எழுத்தரிடம் போகும் திட்டம் இருந்தால், வரைவை முதலில் எனக்கு அனுப்பி வையுங்கள். மூலப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றும் வேண்டும். சைபர் புகாருக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை; அப்பாவின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமையே போகலாம்.